தெரிவு யாருடையது?
மாணவர் ஒளிப்படச் செயற்றிட்டங்களை முன்வைத்து

ஒரு சிறுகதையை வாசித்துவிட்டு அதன் மொழி, பாத்திர வார்ப்பு, பார்வைக் கோணம் என்று மணிக்கணக்கில் விவாதிக்கின்ற நாம், ஓர் ஒளிப்படத்தின் முன்னால் நின்றதும் "நல்லா எடுத்திருக்கிறார்" என்ற ஒரு வசனத்தோடு நகர்ந்து விடுகிறோம். படம் கமரா செய்கின்ற வேலை, எடுப்பவர் விசையை அழுத்துபவர் மாத்திரமே என்ற எண்ணம் எம்மிடையே ஆழப் பதிந்திருக்கிறது. எமது சஞ்சிகைகளில் ஒளிப்படம் அட்டையை அலங்கரிக்கவும் பக்கத்தின் வெற்றிடத்தை நிரப்பவும் பயன்படுகிறதேயன்றி விமர்சனத்துக்கு உட்படுவதில்லை.

ஊடகக் கற்கை பயில்கின்ற மாணவர்கள் சிலர் தமது பாடத்தின் ஓர் அங்கமாகச் செய்த ஒளிப்படச் செயற்றிட்டங்களை அண்மையில் பார்க்கக் கிடைத்தது. ஒவ்வொருவரும் ஒரு விடயத்தைத் தேர்ந்து, தொடராகப் படம் எடுத்து, கூடவே ஒரு பக்கத்தில் குறிப்பும் எழுதியிருந்தார்கள். அவர்கள் இன்னும் கற்றுக்கொண்டிருப்பவர்கள் என்பதனால் பெயர்களைத் தவிர்க்கிறேன். அவர்களது தெரிவுகள் பற்றிப் பேசுவதே எனது நோக்கம்.

முதலில் பொதுவாக ஒன்றைச் சொல்ல வேண்டும். சூரியன் மறையும் வேளையில் கரைவலை இழுக்கும் மீனவர், முகச் சுருக்கங்களோடு ஒரு மூதாட்டி, முட்கம்பிக்குப் பின்னால் ஒரு சிறுவன், மழைநீரில் பள்ளிவாசலின் பிம்பம். இப்படங்கள் ஏறத்தாழ எல்லாத் தொகுப்புகளிலும் உண்டு. நுட்பத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் இவற்றை எடுக்குமுன்னரே நாம் எங்கேயோ பார்த்துவிட்டோம். 2004 டிசம்பர் 26இன் பின்னர் எமது கரையோரத்துக்குக் கமராவோடு வந்தவர்கள் எம்மை எவ்வாறு பார்த்தார்களோ, அந்தப் பார்வையையே இன்று எமது பிள்ளைகள் தம் சொந்த ஊரின் மீது பிரயோகிக்கிறார்கள். இது இரவல் பார்வை.

இந்த நோய் எமக்கு மட்டும் உரியதல்ல. ஜேர்மனியின் டுசல்டோர்ப் கலைக் கல்லூரியில் 1976இல் பெர்ண்ட் பெஷர் ஒளிப்படப் பேராசிரியரானார். அவரும் மனைவி ஹில்லா பெஷரும் உருவாக்கிய மாணவர் பரம்பரை பின்னர் உலகப் புகழ் பெற்றது. அவர்களுள் ஒருவரான தோமஸ் ருப் 1977இல் அங்கு சேர்ந்தார். தான் மிகவும் விரும்பிய படங்களைக் கொண்டுபோய்க் காட்டியபோது, அவை சொந்தப் படங்கள் அல்ல, சஞ்சிகைகளில் பார்த்தவற்றின் போலிகள் என்று பெஷர் கூறியதை ருப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஓர் ஆசிரியர் மாணவனுக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உபகாரம் அது என்பேன். எமது மாணவர்களுக்கு அதைச் சொல்ல ஆளில்லை. அழகாக இருந்தால் புள்ளி கிடைத்துவிடுகிறது.

இரவலிலிருந்து விடுபட எத்தனித்திருக்கும் இரண்டு செயற்றிட்டங்களை மட்டும் இங்கு விரிவாக நோக்குகிறேன்.

முதலாவது, மருதமுனைக் கைத்தறி பற்றியது. ஒரு மாணவி எடுத்த பன்னிரண்டு படங்கள். ஒன்றிலேனும் ஒரு முகம் இல்லை. கைகள், நூல், மிதிபலகையில் கால்கள், மீண்டும் கைகள். நெசவு செய்யும் பெண்கள் முகத்தைக் காட்ட விரும்பவில்லை என்றும், ஆகவே பெண்ணுழைப்பின் அடையாளமின்மையைச் சித்திரிக்க இவ்வழியைத் தெரிந்ததாகவும் அவரது குறிப்புச் சொல்கிறது.

இங்கே இரண்டு வேறு விடயங்கள் ஒன்றாகக் கலக்கப்பட்டுள்ளன. அப்பெண்கள் மறுத்தது அவர்களுடைய தெரிவு. உருவப்படம் பற்றி எமது சமூகத்தில் உள்ள பல்வேறு நிலைப்பாடுகள் நாம் அறிந்தவையே. அந்த மறுப்பை மாணவி மதித்திருக்கிறார். அதற்காக அவரைப் பாராட்ட வேண்டும். ஆனால் மறுத்த பெண்களை 'அடையாளமற்றவர்கள்' என்று எழுதுவது சரியா? "என்னைப் படம் எடுக்காதே" என்று சொல்பவளுக்கு ஓர் அடையாளமும் ஒரு குரலும் இருக்கின்றன. அவளது முடிவை அவளது இல்லாமையாக மொழிபெயர்ப்பது அநியாயம்.

மேலும், அருகில் போய் எடுத்த கை எந்த ஊரின் கையாகவும் இருக்கலாம். அது மருதமுனையின் கை என்பதற்குப் படத்துக்குள் ஆதாரம் வேண்டும். ஏழாவது படத்தில் மாத்திரம் மாணவி சில அடிகள் பின்னால் சென்றிருக்கிறார். தறிக்குப் பின்னால் சுவரில் ஒரு பிள்ளையின் பாடசாலை நேரசூசி, ஆணியில் தொங்கும் ஒரு குடை, பாதி மூடிய தேநீர்க் கோப்பை. அந்தப் பெண் சற்று முன்னர்தான் எழுந்து போயிருக்கிறாள். முகம் இல்லாமலேயே அவள் இங்கே முழுமையாக இருக்கிறாள். பன்னிரண்டில் இந்த ஒன்றுதான் தெரிவு எனும் சொல்லுக்குத் தகுதியானது.

பெஷரின் இன்னொரு மாணவியான கன்டிடா ஹோபரின் அனுபவம் இங்கு பொருத்தமானது. 1972 முதல் 1979 வரை அவர் ஜேர்மனியில் குடியேறிய துருக்கியத் தொழிலாளர்களை அவர்களது வீடுகளிலும் கடைகளிலும் படமெடுத்தார். பிறருடைய அந்தரங்கத்துக்குள் தான் நுழைவதாக உணர்ந்தமை, அவரை மனிதரற்ற மண்டபங்கள், நூலகங்கள், காத்திருப்பு அறைகள் நோக்கி நகர்த்திய காரணங்களில் ஒன்று. கவனிக்க வேண்டியது என்னவெனில், வெற்று அறைக்கு அவர் வந்து சேர்ந்தது மனிதர்களோடு பல வருடங்கள் பழகிய பின்னர். எமது மாணவி அதே இடத்துக்கு ஒரு தவணைக்குள் வந்திருக்கிறார். அது குற்றமல்ல. ஆனால் அந்த ஏழாவது படத்திலிருந்து அவர் மீண்டும் தொடங்க வேண்டும்.

இரண்டாவது செயற்றிட்டம் புத்தளத்தில் பிறந்த ஒரு மாணவனுடையது. அவனது குடும்பம் 1990 ஒக்டோபர் 30இல் இரண்டு மணித்தியால அவகாசத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டவர்களுள் ஒன்று. அன்று கையில் அகப்பட்டு, இன்றும் உறவினர் வீடுகளில் எஞ்சியிருக்கும் பொருட்களை அவன் தேடிச் சென்று படமெடுத்திருக்கிறான். ஒரு திறப்பு, தையற் கத்தரிக்கோல், பாடசாலைத் தேர்ச்சி அறிக்கை, அரிசி அளக்கும் கொத்து என ஒன்பது பொருட்கள். ஒவ்வொன்றும் வெள்ளைத் துணி மீது, ஒரே வெளிச்சத்தில், ஒரே கோணத்தில். மூன்று வரிசையாக அடுக்கியிருக்கிறான்.

இந்த அடுக்கு முறை பெஷர் தம்பதியினருடையது. 1959 முதல் அவர்கள் நீர்த்தாங்கிகளையும் சுரங்கக் கோபுரங்களையும் ஊதுலைகளையும் மேகமூட்டமான வானத்தின் கீழ், நேர்முகமாக, கறுப்பு வெள்ளையில் எடுத்து அருகருகே வைத்தார்கள். மற்றெல்லாம் மாறாதிருக்கும்போதுதான் ஒன்றுக்கும் மற்றதற்கும் இடையிலான வேறுபாடு கண்ணில் படும் என்பதே அதன் தர்க்கம். ஆனால் அவர்கள் நீர்த்தாங்கியை அது நிற்கும் நிலத்திலிருந்து பெயர்த்தெடுக்கவில்லை. எமது மாணவன் பெயர்த்தெடுத்திருக்கிறான். வெள்ளைத் துணியில் வைத்ததும் கொத்து ஒரு நூதனசாலைப் பொருளாகி விடுகிறது. அதனால் இன்றைக்கும் அந்த வீட்டில் அரிசி அளக்கிறார்கள் என்ற உண்மை படத்தில் இல்லை. படத்தைப் பார்த்த உம்மம்மா, "இது எங்கட கொத்து மாதிரித் தெரியுதில்ல மகன்" என்று சொன்னதாக மாணவனே தன் குறிப்பில் நேர்மையாக எழுதியிருக்கிறான். இதைவிடச் சிறந்த விமர்சனத்தை நான் எழுதிவிட முடியாது.

ருப் தனது உருவப்படத் தொடரை 1981இல் தொடங்கியபோது படங்கள் சிறியவை. பின்னணி வர்ணத்தை அமர்பவர்களே தெரிவு செய்தார்கள். 1986இல் அவற்றை 210 சென்ரிமீற்றர் உயரத்துக்குப் பெருப்பித்தபோது வர்ணம் முகத்தை விழுங்குவதைக் கண்டு, வெளிறிய நடுநிலைப் பின்னணிக்கு மாறினார். அளவு மாறினால் பின்னணி மாற வேண்டும், பொருள் மாறினால் முறை மாற வேண்டும். முறையை முதலில் தீர்மானித்துவிட்டுப் பொருளை அதற்குள் திணிப்பது, யாப்பைத் தெரிந்துவிட்டுக் கவிதைக்கு விடயம் தேடுவது போன்றது.

இம்மாணவனிடம் நான் கேட்டுப் பெற்றுப் பார்த்தது, அவன் சேர்க்காமல் விட்ட படங்களை. கைத்தொலைபேசியில் எல்லோரும் நூற்றுக்கணக்கில் எடுக்கின்ற இக்காலத்தில், படைப்பு பெரும்பாலும் எதைக் கழிப்பது என்பதில்தான் தங்கியுள்ளது. கழித்தவற்றுள் ஒரு படம். குசினியில், அரிசி வாளிக்குள் கொத்தை விட்டபடி உம்மம்மா வாய்விட்டுச் சிரிக்கிறார். படம் சற்று அசைந்திருக்கிறது. ஏன் விட்டாய் என்று கேட்டேன். "சோகமான விஷயத்துக்கு இது பொருந்தாது சேர்" என்றான்.

இந்தப் பதிலில்தான் முழுப் பிரச்சினையும் இருக்கிறது. வெளியேற்றப்பட்டவர்கள் எப்போதும் துயரத்தோடு கமராவைப் பார்க்க வேண்டும் என்று யார் விதித்தது? அறிக்கைகளுக்கும் நிதி வழங்குநர்களுக்கும் அப்படியான முகம் தேவைப்பட்டிருக்கலாம். ஒரு பேரனுக்கு ஏன் தேவைப்பட வேண்டும்? மூன்று தசாப்தங்களுக்கு மேலாகக் கொண்டுவந்த கொத்தால் அரிசி அளந்தபடி ஒரு பெண் சிரிக்கிறாள் என்பது, இழப்பை மறுக்கவில்லை. இழப்புக்குப் பின்னரும் ஒரு வாழ்வு நடந்திருக்கிறது என்று சாட்சி சொல்கிறது. அந்தப் படத்தை இம்மாணவனால் மட்டுமே எடுத்திருக்க முடியும். வெளியிலிருந்து வரும் எந்த நிபுணருக்கும் உம்மம்மா அப்படிச் சிரித்திருக்க மாட்டார்.

பிள்ளைகளுக்குத் தம் உலகம் பற்றித் தாமே தீர்மானிக்கும் ஆற்றல் உண்டு என்பதற்கு வென்டி ஈவால்ட் அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைக் கிராமங்களில் செய்த பணி நல்ல உதாரணம். 1985இல் நூலாக வந்த அப்படங்களைப் பாடசாலைச் சிறார்கள் தம் குடும்பத்தையும் பிராணிகளையும் மட்டுமன்றித் தாம் கண்ட கனவுகளையும் நடித்துக்காட்டி எடுத்தார்கள். மலைப்புற வறுமையைப் படமெடுக்க வந்தவர்கள் பலர். கனவைப் படமெடுக்கலாம் என்று கண்டவர்கள் அப்பிள்ளைகள்.

எமது ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். புள்ளியிடும்போது இறுதியாக ஒட்டப்பட்ட படங்களோடு நின்றுவிடாமல், கழிக்கப்பட்டவற்றையும் கொண்டுவரச் சொல்லுங்கள். இதை ஏன் எடுத்தாய், அதை ஏன் விட்டாய், இதற்கு யாரிடம் அனுமதி பெற்றாய் என்று கேளுங்கள். அழகியலும் அறமும் அங்கேதான் சந்திக்கின்றன.

மாணவனுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உம்மம்மாவிடம் கேட்டு, அவர் சம்மதித்தால், அசைந்த அந்தப் படத்தைக் கொத்து இருந்த இடத்தில் வைத்துப் பார். மற்ற எட்டுப் பொருட்களும் துணியிலிருந்து எழுந்து தத்தம் வீடுகளுக்குத் திரும்ப வேண்டியிருப்பது உனக்கே விளங்கும்.