34 ரூபாய்ச் சினிமா

சினிமாவை டிஸ்க்கில் விலைகொடுத்து வாங்குவது இன்றைக்குப் பைத்தியக்காரத்தனம் என்கிறார் நண்பர். இலக்கிய நண்பர்தான், கவிதைத் தொகுதிகளைக் காசு கொடுத்து வாங்குகிறவர், சிறுபத்திரிகைகளுக்குச் சந்தா கட்டுகிறவர். அவருடைய கணக்கு எளிமையானது. மாதம் ஒரு தொகை கட்டினால் ஆயிரக்கணக்கான படங்கள் கைபேசியில் வந்து நிற்கின்றன. ஒரே ஒரு படத்துக்காக ஐந்நூறோ மூவாயிரமோ கொடுத்து, அதைப் போட்டுப் பார்க்க ஒரு பிளேயரையும் வாங்கி வைத்துத் தூசி தட்டிக்கொண்டிருப்பானேன்? கணக்கு சரி. கணக்கைத் தவிர மற்றதெல்லாம் தப்பு என்பது என் கட்சி.

நான் இருப்பது வடக்குப்பட்டில், ஒரகடத்துக்குப் பக்கம். 2022இல் தொல்லியல் துறை இங்கே பள்ளம் தோண்டிக் கற்கருவிகளை எடுத்தபோது ஊரின் பெயர் செய்தித்தாள்களில் வந்தது. மற்றபடி கம்பெனி பஸ்கள் வந்து ஆள் ஏற்றிக்கொண்டு போகிற ஊர். ஃபிலிம் சொஸைட்டி நடக்கிற நகரம் இங்கிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம். ஷிப்ட் மாறுகிறவனுக்கு இரண்டு நாள். எனக்கு நல்ல சினிமா என்று ஏதாவது கிடைத்ததென்றால் அது டி.வி.டி.யில்தான் கிடைத்தது. ஆகவே நான் பாரபட்சமற்றவன் என்று பாவனை செய்யப்போவதில்லை.

தவிர, இந்தப் பொருளின் உடம்பை எனக்குத் தெரியும். நான் வேலை பார்ப்பது கார் முன்விளக்கின் கண்ணாடியை வார்க்கிற இடத்தில். கண்ணாடி என்று பெயர். உண்மையில் அது பாலிகார்பனேட். டி.வி.டி.யும் அதே பாலிகார்பனேட்தான். உருக்கி, அச்சுக்குள் அழுத்தத்தோடு செலுத்தி, குளிரவைத்து எடுக்க வேண்டும். 0.6 மில்லிமீட்டர் தகடுகள் இரண்டை ஒட்டினால் ஒரு டி.வி.டி. அச்சிலிருக்கும் நுண்ணிய மேடுகள் பிளாஸ்டிக்கில் பள்ளங்களாகப் பதிகின்றன; மேலே அலுமினியப் பூச்சு. படம் என்பது அந்தப் பள்ளங்கள். கடையில் கம்ப்யூட்டரில் எழுதித் தருகிறார்களே, அது வேறு இனம். அதில் படம் இருப்பது ஒரு சாயப்பூச்சில். லேசர் சூட்டில் சாயம் ஆங்காங்கே மாறியிருக்கும், அவ்வளவுதான். வெயிலும் ஈரமும் பட்டால் சாயம் போகும், கூடவே படமும் போகும். திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் ஊதாவாக அடித்தால் எழுதியது. வெள்ளியாக இருந்தால் வார்த்தது. ஊதாவுக்குப் பத்து ரூபாய் கொடுத்தாலும் நஷ்டம்.

வெள்ளியே 34 ரூபாய்க்குக் கிடைத்த காலம் ஒன்று உண்டு. 2007 வாக்கில் மோசர் பேர் கம்பெனி வி.சி.டி.யை 28 ரூபாய்க்கும் டி.வி.டி.யை 34 ரூபாய்க்கும் விற்றது. திருட்டு வி.சி.டி. விற்பவர்கள்மேல் குண்டர் சட்டம் பாய வழிசெய்து தமிழக அரசு 2004இலேயே சட்டத்தைத் திருத்தியிருந்தது. சட்டத்தால் ஆகாததை 34 ரூபாய் கொஞ்சம் செய்தது என்று நினைக்கிறேன். அந்தக் கம்பெனி தமிழில் படமும் எடுத்தது. ச. தமிழ்ச்செல்வனின் 'வெயிலோடு போய்' கதையிலிருந்து சசி எடுத்த 'பூ' (2008) அப்படி வந்ததுதான். பிறகு 2015இல் சேரன் 'ஜே.கே. எனும் நண்பனின் வாழ்க்கை'யைத் தியேட்டரை நம்பாமல் டி.வி.டி.யாக 50 ரூபாய்க்கு வீடுகளுக்கே கொண்டுபோகப் பார்த்தார். அந்தத் திட்டம் நிலைக்கவில்லை. 2018இல் மோசர் பேரைக் கலைக்க உத்தரவாயிற்று. எங்கள் சாலையில் 2006 முதல் 2014 வரை நோக்கியா கைபேசி செய்தார்கள். இப்போது ஐபோன் செய்கிறார்கள். டிஸ்க்கை ஒழித்த கருவிக்கு எங்கள் பக்கத்துப் பெண்களின் விரல்களும் உழைத்திருக்கின்றன.

ஆனால் கைபேசி மட்டும்தான் காரணமா? தமிழன் சினிமாவுக்குச் செலவு செய்ய அஞ்சியவன் அல்லவே. தியேட்டர் வாசலில் பாட்டுப் புத்தகம் வாங்கினான். 'பராசக்தி' (1952) வந்தபோது வசனப் புத்தகம் வாங்கினான். கிராமபோன் தட்டு வாங்கினான். அப்புறம் கதைவசன கேசட் வாங்கினான். 'திருவிளையாடல்' கேசட் ஒலிக்காத கல்யாணப் பந்தலோ கோயில் திருவிழாவோ ஒருகாலத்தில் உண்டா? வானொலியில் ஒலிச்சித்திரம் என்று முழுப் படத்தையும் சத்தமாகவே கேட்டான். இந்த வார்த்தையைக் கவனியுங்கள். ஒலிச்சித்திரம். சித்திரத்தை எடுத்துவிட்டு மிஞ்சியதற்குச் சித்திரம் என்றே பெயர் வைத்த சமூகம் நம்முடையது. வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடியது காது கேட்பது மட்டும்தான் என்றிருந்த நாட்களில் இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. கையில் கிடைத்ததைப் பத்திரப்படுத்தினான்.

வீடியோ கேசட் பெரும்பாலும் வாடகைக்கு வந்து போயிற்று. சராசரித் தமிழன் சினிமாவின் பிம்பத்தை, சுமாரான தெளிவோடு, சொந்தமாக வாங்கக்கூடியதாக ஆனது டி.வி.டி.யில்தான். அந்த வாய்ப்பை அவன் என்ன செய்தான்? கேசட்டைப்போல நடத்தினான். ஒரே டிஸ்க்கில் மூன்று படம், சில சமயம் ஆறு படம். சாதாரண டி.வி.டி.யின் கொள்ளளவு 4.7 ஜிகாபைட், அதற்குள் ஆறு படத்தை அடைத்தால் முகங்கள் சதுரம் சதுரமாக உடையும். 1973இன் 'ராஜராஜ சோழன்' தொடங்கித் தமிழில் சினிமாஸ்கோப் வந்துவிட்டது. அகலத் திரைக்காக எடுத்த எத்தனையோ படங்கள் டி.வி. பெட்டியின் அளவுக்கு இரண்டு பக்கமும் வெட்டப்பட்டு டிஸ்க்காயின. பேசுகிறவன் வெட்டுக்கு வெளியே நிற்கிறான்; குரல் மட்டும் வருகிறது. வாங்கியவன் புகார் செய்யவில்லை. வசனம் கேட்டதே, போதாதா?

இப்படியொரு வாங்குபவனுக்கு நண்பரின் கணக்குதான் பொருந்தும். ஒருமுறை பார்த்துவிட்டு, கதையும் இரண்டு வசனமும் மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்கிறவன் டிஸ்க் வாங்குவது வீண். தாராளமாகச் சந்தா கட்டட்டும்.

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாலு மகேந்திராவின் 'வீடு' (1988) டி.வி.டி.யைப் போட்டேன். என் வீட்டுக்காரப் பெரியவரும் வந்து உட்கார்ந்தார். ஒரகடம் பக்கம் சிப்காட்டுக்கு நிலம் கொடுத்தவர். கொடுத்தவர் என்றால் அவருக்குக் கோபம் வரும், போனது என்று சொல்ல வேண்டும். டிஸ்க் ஒன்றும் உசத்தியில்லை. வலது மூலையில் ஒரு கம்பெனியின் முத்திரை படம் முழுக்க உட்கார்ந்திருக்கிறது, நிறங்கள் வெளுத்திருக்கின்றன. பெரியவர் முதல் அரைமணி நேரம் கொட்டாவி விட்டார். சிமெண்டும் கம்பியும் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். காண்ட்ராக்டரைப் பார்த்து ஒரு வசவு. அந்தத் தாத்தா, சொக்கலிங்க பாகவதர், முடியாத வீட்டைத் தனியாகப் போய்ப் பார்க்கிற இடத்தில் எதுவும் பேசவில்லை. கடைசியில், அந்த இடம் குடிநீர் வாரியம் ஏற்கெனவே எடுத்துக்கொண்ட இடம் என்று அதிகாரி வந்து சொல்கிறாரே, அங்கே, "அந்த ஆபீசர் பேசினத இன்னொருவாட்டி போடு தம்பி" என்றார். போட்டேன். முடிந்ததும், "இப்ப அந்தப் பெரியவர் வீட்டுக்குள்ள நடக்கறத போடு" என்றார்.

என் கட்சி முழுவதும் இந்த இரண்டாவது வேண்டுகோளில் இருக்கிறது. முதலாவதை ஒலிச்சித்திரமும் நிறைவேற்றியிருக்கும், அது வசனம். இரண்டாவதில் வசனம் இல்லை. ஒரு கிழவர் பூசாத சுவர்களுக்கிடையில் நடக்கிறார், இளையராஜாவின் வாத்தியங்கள் ஒலிக்கின்றன, அவ்வளவுதான். கதைவசன கேசட்டில் அந்த நிமிஷங்கள் இசைத்தட்டாகிவிடும். சிமெண்டுப் பூச்சு ஏறாத செங்கல்லின் மேல் அந்த விரல்கள் போகிற விதம் இல்லாமல் போகும். முடிவு தெரிந்த பிறகு அந்த நடையைத் திரும்பப் பார்ப்பதற்கும் முதலில் பார்த்ததற்கும் உள்ள வித்தியாசத்தை, நிலத்தை இழந்த ஒரு மனுஷர் யாரும் சொல்லித் தராமல் கண்டுகொண்டார். அதைத்தான் விமர்சனம் என்கிறோம்.

நம் சிறுபத்திரிகைகளில் வந்த சினிமா எழுத்தைப் பற்றியும் இங்கே சொல்லத்தான் வேண்டும். வெகுஜனப் பத்திரிகைகளைச் சாடிச் சாடி எழுதினோம். ஆனால் நாம் எழுதியதும் பெரும்பாலும் ஒரு தடவை பார்த்து, ராத்திரி பஸ்ஸில் திரும்புகையில் மனசில் மிஞ்சியதை வைத்துத்தான். ஒருமுறை காதால் கேட்ட கவிதையைப் பற்றி யாராவது பத்துப் பக்கம் எழுதினால் நாம் பொறுத்துக்கொள்வோமா? கவிதைக்குப் பிரதி வேண்டும் என்போம். சினிமாவுக்குப் பிரதி கிடைக்கவில்லை, அதனால் கதையைப் பேசினோம், கருத்தைப் பேசினோம், டைரக்டரின் நேர்மையைப் பேசினோம். வண்ணநிலவன் திரைக்கதையில் பங்குகொண்ட 'அவள் அப்படித்தான்' (1978) பற்றி எவ்வளவோ படித்திருக்கிறேன். அந்தக் கறுப்பு வெள்ளையில் ருத்ரய்யா முகங்களை எங்கே நிறுத்துகிறார், எப்போது நகர்கிறார் என்பது பற்றி மிகக் குறைவாகவே படித்திருக்கிறேன். டி.வி.டி. வந்தபின் இந்தச் சாக்கு போய்விட்டது. நிறுத்தலாம், பின்னுக்கு ஓட்டலாம், ஒரு ஷாட்டைப் பத்துமுறை பார்க்கலாம். அப்படியும் நம் எழுத்து மாறவில்லை. இதைக் கம்பெனிகள் தலையில் கட்ட முடியாது.

கைபேசியிலும் நிறுத்திப் பின்னுக்குப் போகலாமே என்பார் நண்பர். போகலாம், படம் அங்கே இருக்கிற வரைக்கும். 'அன்னபூரணி' 2023 டிசம்பர் முதல் தேதி தியேட்டருக்கு வந்தது. மாதக் கடைசியில் நெட்ஃபிளிக்ஸுக்கு வந்தது. புகார்கள் எழுந்து 2024 ஜனவரியில் அங்கிருந்து எடுக்கப்பட்டது. படம் சுமார்தான். அது இங்கே விஷயமில்லை. மோசமான படத்தையும் மோசம் என்று நிரூபிக்க அது கையில் இருக்க வேண்டும். 2009இல் அமேஸான், வாசகர்கள் பணம் கொடுத்து வாங்கியிருந்த ஆர்வெல்லின் '1984'ஐ அவர்களுடைய கருவிகளிலிருந்து தூரத்திலிருந்தே அழித்தது. காரணம் ஏதோ உரிமைப் பிரச்னை. வார்த்த பள்ளத்தை அப்படி யாரும் தூரத்திலிருந்து அழிக்க முடியாது. அதற்கு வீட்டுக்கு வர வேண்டும்.

விலைக்கு வருகிறேன். அமெரிக்காவின் கிரைட்டீரியன் கம்பெனி ஒரு புளூரேவுக்குப் போடும் விலை பெரும்பாலும் 39.95 டாலர். என் சம்பளத்தில் அது சில நாள். அந்தக் காசு எதற்குப் போகிறது என்று பாருங்கள். சத்யஜித் ராயின் அபு படங்கள் மூன்றின் மூல நெகடிவ்கள் 1993இல் லண்டன் லாபரெட்டரி ஒன்றில் தீயில் வெந்தன. வெந்து சுருண்டதைத் தூக்கி எறியாமல் அமெரிக்காவின் அகாடமி ஆவணக்காப்பகம் வைத்திருந்தது. இருபது வருஷம் கழித்து இத்தாலியில் பொலோன்யாவில் அதை ஈரப்படுத்தி, நீட்டி, தேறிய சட்டகங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். தேறாததற்கு வேறு பிரதிகளைத் தேடினார்கள். 2015இல் டிஸ்க்காக வந்தது. நாற்பது டாலர் அந்தக் கைகளுக்கான கூலியில் ஒரு துளி. நம் 34 ரூபாய் பிளாஸ்டிக்குக்கும் அலுமினியத்துக்கும் உரிமைக்கும் சரியாகிவிட்டது. படத்தைப் பராமரிக்க அதில் ஒரு பைசாவும் மிஞ்ச வழியில்லை.

மிஞ்சாததன் பலனையும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். 'வீடு' படத்தின் நெகடிவ் இப்போது இல்லை என்று 2014இல் இறப்பதற்குச் சற்று முன்பு பாலு மகேந்திராவே மேடையில் சொல்லி, திரைப்பட ஆவணக்காப்பகம் ஒன்று வேண்டும் என்று கேட்டார். தமிழின் முதல் பேசும்படம் 'காளிதாஸ்' (1931) இல்லை. தென்னிந்திய மௌனப் படங்களில் 'மார்த்தாண்ட வர்மா' (1933) தப்பிய கதை வேடிக்கையானது. நாவலின் உரிமைக்காகப் பதிப்பாளர் வழக்குப் போட்டுப் படத்தை நிறுத்தினார். பிரதி திருவனந்தபுரத்தில் அந்தப் புத்தகக் கடையிலேயே கிடந்து, 1974இல் புனே ஆவணக்காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஓடிய படங்கள் அழிந்தன. ஓடவிடாமல் ஒரு கடைக்காரர் கட்டி வைத்தது பிழைத்தது. எங்கள் ஊர்ப் பள்ளத்தில் எடுத்த ஒவ்வொரு கல்சில்லுக்கும் எண் போட்டுப் பையில் வைத்தார்கள். 1988இல் தேசிய விருது வாங்கிய படத்துக்கு அந்தப் பையும் எண்ணும் கிடைக்கவில்லை.

எல்லா டிஸ்க்கையும் வாங்கு என்று நான் சொல்லமாட்டேன். என்னிடம் இருந்தவற்றில் பாதியை எடைக்குப் போட்டால்கூட எனக்கு வருத்தமில்லை. இரண்டாம் தடவை பார்க்கத் தோன்றாத படத்துக்கு 34 ரூபாயே அதிகம். பார்க்கத் தோன்றுகிற படத்துக்கு என் வசதிக்குள் எந்த விலையும் கொடுப்பேன். வெளுத்த நிறமும் கம்பெனி முத்திரையுமாக இருந்தாலும் கொடுப்பேன், வேறு பிரதி இல்லாதபோது அதுதான் பிரதி.

பிளேயரின் தட்டு இப்போது சரியாக வெளியே வருவதில்லை. பேனாக்கத்தியால் நெம்ப வேண்டியிருக்கிறது. பழுது பார்ப்பவர் லென்ஸ் கிடைக்காது என்கிறார். 'வீடு' டிஸ்க்கைப் பெரியவர் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அவர் வீட்டில் பிளேயர் கிடையாது. இரண்டு தடவை ஞாபகப்படுத்திப் பார்த்தேன். "இருக்கட்டும் தம்பி, பத்திரம் வெச்சிருந்த பையில போட்டு வெச்சிருக்கேன்" என்கிறார். திரும்பி வராது. சென்னையில் பழைய பிரதி ஒன்றுக்கு 600 ரூபாய் கேட்கிறார்கள். அடுத்த வார ஓய்வு நாளில் போகிறேன். திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பணத்தைக் கொடுப்பேன்.