கற்பனைத் தொகுதிகளும் அங்கத நோக்கும்

தேர்தலை எள்ளும் இலக்கியங்களைத் திறனாய்வோர் வேட்பாளரின் பேச்சையும் வாக்காளர் பெறும் கையூட்டையுமே பெரிதும் நோக்குவர். தொகுதியின் எல்லைக்கோடு அவர்தம் கண்ணிற்படுவது அரிது. ஆங்கிலப் புதினங்கள் இரண்டில் இடம்பெறும் கற்பனைத் தொகுதிகளை ஒப்பிடின் இக்குறை புலனாகும்.

சார்லஸ் டிக்கன்ஸ் 'பிக்விக் பேப்பர்ஸ்' (1836–37) புதினத்தில் ஈட்டன்ஸ்வில் என்னும் ஊரைப் படைத்தார். 'தின்று குடி' என்னும் பொருள் தொனிக்கும் பெயர் அது. கடைகளும் விடுதிகளும்கூட இரு கட்சிகளாகப் பிரிந்து கிடக்கும் அவ்வூரின் ஆரவாரம் இன்றும் சிரிப்பூட்டுகிறது. எனினும் அவ்வூர்க்கு உறுப்பினரை அனுப்பும் உரிமை எவ்வாறு வாய்த்தது என்னும் வினா ஆண்டு எழவேயில்லை.

அவ்வினாவையே கதையாக்கியவர் தாமஸ் லவ் பீக்காக். அவரது 'மெலின்கோர்ட்' (1817) புதினத்தில் ஒன்வோட் என்னும் தொகுதிக்கு வாக்காளர் ஒருவர்; உறுப்பினர் இருவர். அருகிலுள்ள நோவோட் மக்கள் செறிந்த பெருநகரம். அதற்கோ உறுப்பினரே இல்லை. அந்நகரின் நலனையும் ஒன்வோட் உறுப்பினரே காப்பர் என அக்காலத்தார் மெய்யாகவே முன்வைத்த வாதத்தைப் பீக்காக் ஒரு பாத்திரத்தின் வாயில் வைத்துச் சிதைக்கிறார். ஒன்வோட்டில் தேர்வுறும் இருவருள் ஒருவர் பேச்சறியா ஓராங் உட்டான் குரங்கு! மக்களில்லா இடத்தின் சார்பில் பேசுவதற்கு யாதுளது என்னும் குறிப்பு இதில் அடங்கியுள்ளது.

இதனை மிகை என ஒதுக்குதல் பொருந்தாது. குடியிருப்பற்ற மேடாகிவிட்ட ஓல்டு சாரம் 1832 வரை இரு உறுப்பினர்களை அனுப்பியது. 1831இல் அதற்குரிய வாக்காளர் 11 பேரே. அதே காலத்தில் மான்செஸ்டருக்கெனத் தனி உறுப்பினர் இல்லை. இங்குக் கற்பனை என்று சொல்லத்தக்கது எது? புதினம் காட்டிய ஊரா, சட்டம் ஏற்றிருந்த ஊரா?

தலைக்கணக்குக்கும் இடப்பகிர்வுக்கும் இடையிலான இச்சிக்கல் நம் நாட்டிற்கும் புதிதன்று. 1976இன் 42ஆம் சட்டத்திருத்தம் மாநிலங்களுக்குரிய மக்களவை இடங்களை 1971 கணக்கெடுப்பின்படி நிறுத்தி வைத்ததும், 2001இன் 84ஆம் திருத்தம் அந்நிறுத்தத்தை 2026க்குப் பின் வரும் முதற் கணக்கெடுப்பு வரை நீட்டித்ததும் அறிந்தவையே. இங்கு வாதத்தின் இருபுறமும் நியாயம் உண்டு, ஒன்வோட்டில் அஃதில்லை.

கலைநயத்தில் பீக்காக் டிக்கன்ஸுக்கு நிகராகார். அவர்தம் மாந்தர் பலர் கருத்துக்கு உடை உடுத்தியவர்களே. உரையாடல்கள் அளவின்றி நீள்கின்றன. 1832இன் சீர்திருத்தச் சட்டத்திற்குப் பின் எழுதிய டிக்கன்ஸ் எல்லையை விடுத்து நடத்தையைப் பற்றியதற்கும் காரணம் உண்டு: மறைமுக வாக்களிப்பு 1872இல்தான் இங்கிலாந்திற்கு வந்தது, கையூட்டு அதுவரை கண்முன்னேயே நடந்தது.