ஆறு பேர் படகில் எட்டுப் பேர்

காலி வீதியில் பலப்பிட்டியவில் இறங்கி மாதுகங்கைப் படகுத்துறைக்குப் போனால் பேரம் படகுக்குத்தான் நடக்கும். நான்கு பேர் ஏறினாலும் ஒரே காசு, எட்டுப் பேர் ஏறினாலும் ஒரே காசு. கேரளத்துத் தேக்கடியிலோ ஆளுக்கொரு டிக்கெட். படகுச் சவாரியின் பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது நாம் சட்டத்தையும் உயிர்காப்பு அங்கியையும் பற்றித்தான் பேசுகிறோம். காசு வாங்கும் முறையை யாரும் கவனிப்பதில்லை. படகில் கூடுதலாக ஒருவரை ஏற்ற விரும்புவது யார் என்பதை அந்த முறைதான் தீர்மானிக்கிறது.

மாதுகங்கையில் அப்படி விரும்புவது பயணிதான். கொழும்பிலிருந்து வான் பிடித்து வந்த குடும்பம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் ஆறு பேர், பிள்ளைகள் இரண்டு. துறையில் நிற்பது ஆறு இருக்கை போட்ட கண்ணாடியிழைப் படகு. இரண்டு படகு பிடித்தால் செலவு இரட்டிப்பாகும். "சின்னப் பிள்ளையள்தானே, மடியில வைச்சிருப்பம்" என்கிறார் மாமா. படகோட்டி முகத்தைச் சுளித்தாலும் மறுப்பதில்லை. அவர் மறுத்தால் பக்கத்துப் படகுக்காரர் ஏற்றிக்கொள்வார். எட்டுப் பேரோடு புறப்படும் படகின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் இடையில் ஒரு சாண் மிஞ்சினால் அதிகம். கண்டல் மரங்களுக்கிடையே தலையைக் குனிந்து நுழையும்போது அது பெரிதாகத் தெரியாது. கறுவாத் தீவைச் சுற்றித் திறந்த நீருக்கு வந்ததும் இன்னொரு படகு வேகமாகக் கடந்து அலை எழுப்பினால் மடியில் தண்ணீர் விழும்.

தமிழ்நாட்டிலும் படகுக் கணக்கு உண்டு. ஒகேனக்கல் பரிசலும் பிச்சாவரத்துத் துடுப்புப் படகும் ஆள் கணக்கில் காசு கேட்பதில்லை. ஆனால் ஒகேனக்கலில் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. காவிரியில் வினாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடிக்கு மேல் தண்ணீர் வந்தால் அன்றைக்குப் பரிசல் கிடையாது என்று மாவட்ட நிர்வாகம் அறிவித்துவிடும். அதாவது படகு எத்தனை பேரைத் தாங்கும் என்பதோடு, இன்றைய ஆறு படகைத் தாங்குமா என்றும் பார்க்கிறார்கள். நம் ஆறுகளிலும் களப்புகளிலும் சவாரிப் படகுகளுக்கு இப்படியொரு நாளாந்த அளவு வரவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

டிக்கெட் முறையில் கூடுதல் ஆளை விரும்புவது படகு நடத்துபவர். 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டம் தானூரில் கவிழ்ந்த 'அட்லாண்டிக்' படகு 22 பேருக்கானது. ஏறியவர்கள் முப்பதைத் தாண்டியிருந்தார்கள். மீன்பிடிப் படகை உல்லாசப் படகாக மாற்றி ஓட்டியிருக்கிறார்கள். இறந்த 22 பேரில் பெரும்பாலோர் சிறுவர்கள். பஸ்ஸில் மடிப்பிள்ளைக்கு டிக்கெட் இல்லை என்ற பழக்கத்தைத் தண்ணீருக்குக் கொண்டுபோகிறோம். டிக்கெட்டை எண்ணினால் தலைக்கணக்கு வந்துவிடாது.

தேக்கடியின் கதை இன்னும் நுட்பமானது. 2009 செப்டம்பர் 30 அன்று பெரியாறு ஏரியில் கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் 'ஜலகன்யகா' கவிழ்ந்து 45 பேர் மாண்டார்கள். அது இரண்டு தட்டுப் படகு. கரையில் விலங்கைக் கண்டதும் ஆட்கள் ஒரு பக்கமாக நகர்ந்தார்கள், படகு சாய்ந்தது. அனுமதித்த அளவுக்கு மேலும் சிலர் இருந்தார்கள்தான். ஆனால் அந்தச் சிலரைக் கழித்துவிட்டாலும் மேல்தட்டில் நிற்கும் கூட்டம் ஒரே பக்கம் ஓடுவது ஆபத்துத்தான். பாரம் உயரத்தில் இருக்க இருக்க, சாய்ந்த படகு நிமிர்வது கடினமாகும். இப்போது அங்கே அங்கி அணியாமல் படகு நகராது. ஆசனத்தை விட்டு எழுந்தால் ஊழியர் அதட்டுவார். படம் எடுக்க வந்தவர்களுக்கு எரிச்சல்தான், ஆனாலும் அந்த அதட்டல் வேண்டியது.

இதே நிலைமை இலங்கையில் மிரிஸ்ஸவில் இருக்கிறது. திமிங்கிலம் பார்க்கப் போகும் படகுகள் பல இரண்டு தட்டு. துறைமுகத்தில் கடலோரக் காவல் திணைக்களத்தினர் சோதிப்பார்கள், ஆட்தொகையும் அங்கியும் சரியாக இருக்கலாம். நடுக்கடலில் நீலத்திமிங்கிலம் முதுகைக் காட்டியதும் "அதோ!" என்று ஒருவர் கத்த, மேல்தட்டு முழுவதும் ஒரு பக்கக் கம்பியில் போய்த் தொங்கும். கரையில் எண்ணிய எண்ணிக்கை அந்த நிமிடத்தில் உதவாது. தேக்கடியில் இருக்கும் அதட்டுகிறவர் மிரிஸ்ஸவின் ஒவ்வொரு மேல்தட்டிலும் வேண்டும்.

ஆட்களை மேல்தட்டுக்கு ஏற்றிவிடுவது சிலவேளை கீழே வசதி இல்லாததுதான். சொகுசை ஆடம்பரம் என்று ஒதுக்குகிறவர்கள் குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்கு ஒருமுறை போய்ப் பார்க்கட்டும். அது உல்லாசப் படகு அல்ல, தீவாரின் அன்றாடப் போக்குவரத்து. ஆனால் தெற்கிலிருந்தும் கொழும்பிலிருந்தும் சுற்றுலாவாக வருகிற பெருங்கூட்டம் அதில்தான் ஏறுகிறது. குனிந்து படகின் வயிற்றுக்குள் இறங்கினால் தாழ்ந்த கூரை, முழங்கால் இடிக்கும் வாங்கு, டீசல் மணம், வெக்கை. ஐந்து நிமிடத்தில் இளைஞர்கள் காற்றுக்காக மேலே ஏறிவிடுவார்கள். கீழே இருக்கவேண்டிய பாரம் மேலே போய்விடுகிறது. உள்ளே இரண்டு சன்னலைப் பெரிதாக்கினால் இதில் பாதி நிற்கும். அங்கியும் அப்படித்தான். முந்திய சவாரிக்காரரின் வியர்வை காயாத, வார் அறுந்த, பிள்ளைக்குத் தொளதொளவென்று தொங்கும் அங்கியை யார் பூட்டிக்கொண்டு இருப்பார்கள்? இந்தக் குறை பாக்குநீரிணையின் இரு கரைக்கும் பொது.

எத்தனை பேர் ஏறலாம் என்று படகுப் பலகையில் எழுதிய எண்ணும் கல்லில் செதுக்கியதல்ல. 2005இல் அமெரிக்காவின் ஜோர்ஜ் ஏரியில் கவிழ்ந்த உல்லாசப் படகில் ஆட்தொகை அனுமதிக்குள்தான் இருந்தது. ஆனால் அந்த எண் பழைய காலத்து மெலிந்த உடல்களை வைத்துப் போட்டது. 20 பேர் இறந்தார்கள். பின்னர் 2011இல் அந்த நாட்டின் கடலோரக் காவல் படை பயணிக்கான சராசரி எடையை 185 இறாத்தலாக உயர்த்தியது. நம்மவர் உடம்போடு சோற்றுப் பானையும் ஐஸ் பெட்டியும் கொண்டு ஏறுகிறவர்கள்.

சட்டத்தில் இந்தியா முந்திக்கொண்டது. 1917ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டத்தை மாற்றி 2021இல் புதிது கொண்டுவந்தார்கள். ஆனாலும் 2024 ஜனவரியில் வடோதராவின் ஹர்ணி ஏரியில் அளவுக்கு மேல் ஏற்றிய படகு கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் இறந்தார்கள். இலங்கையில் பதிவும் சோதனையும் வணிகக் கப்பற்றுறைச் செயலகத்தின் பொறுப்பில் வருகின்றன. ஒவ்வொரு ஆற்றுத்துறையிலும் நின்று எண்ண எந்தச் செயலகத்துக்கும் ஆளில்லை. ஆகவே படகுக் கணக்கில் காசு வாங்கும் துறைகளில், ஆறு பேருக்கு மேல் வரும் குடும்பத்துக்கு இரண்டாவது படகைக் குறைந்த விலைக்குக் கொடுக்க சங்கங்களே முடிவு செய்யலாம். டிக்கெட் துறைகளில் மடிப்பிள்ளைக்கும் காசில்லாத ஒரு சீட்டுக் கிழிக்கலாம். அதுவரை, அடுத்த விடுமுறைக்குப் படகேறப் போகிறவர்கள் கைப்பிள்ளையையும் சேர்த்து நீங்களே எண்ணுங்கள். கூடினால் இரண்டாவது படகைக் கேளுங்கள்.