பழனி மலையும் கிறிஸ்துகுலமும்: கிறிஸ்தவக் கூட்டுவாழ்வு பற்றிய ஒரு மதிப்பீடு

கிறிஸ்தவக் கூட்டுவாழ்வு என்பது, இரத்த உறவில்லாத விசுவாசிகள் ஒரே வளாகத்தில் தங்கி, உணவு, உழைப்பு, பொருள், வழிபாடு ஆகியவற்றைப் பகிர்ந்து வாழ்வதாகும். உடைமைகளைப் பொதுவில் வைத்து வாழ்ந்த எருசலேம் திருச்சபையை இதற்கு முன்மாதிரியாகக் கூறுவர். அதன் விவரம் 'அப்போஸ்தலர் நடபடிகள்' நூலில் உள்ளது. தமிழகத்தில் இவ்வாழ்வைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஜெபத்தையும் எளிமையையும் தியாகத்தையும் போற்றுகின்றனர். அங்கே யார் யாரோடு சமமாக அமர்ந்தார்கள் என்பதை அவ்வளவாகக் கேட்பதில்லை. ஒரு கூட்டுவாழ்வின் தரத்தை அறிய அந்தக் கேள்வியே முதன்மையானது.

கொடைக்கானல்: தமக்குள் ஐக்கியம்

மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மிஷனரிகளும் அவர்தம் குடும்பத்தினரும் பலர் காலரா முதலிய நோய்களால் இறந்தனர். இதனால் குளிர்ந்த இடம் தேடிய அவர்கள் 1845இல் பழனி மலைமீது இரண்டு பங்களாக்களைக் கட்டினர். கொடைக்கானல் குடியிருப்பு இவ்வாறு தொடங்கியது. பின்னர் வேறு பல மிஷன்களைச் சேர்ந்தவர்களும் கோடையில் இங்கு வரலாயினர். 1901இல் மிஷனரிகளின் பிள்ளைகளுக்கென ஒரு பள்ளியும் ஏற்பட்டது. சமவெளியில் வெவ்வேறு சபையினராகப் பிரிந்திருந்தவர்கள் மலையில் கூடி வழிபட்டனர். இது சிறிய செய்தி அன்று.

ஆயினும் அந்த ஐக்கியத்திற்கு ஓர் எல்லை இருந்தது. மோட்டார் சாலை வருவதற்கு முன் அவர்களை டோலியிலும் நாற்காலியிலும் சுமந்து மலையேற்றியவர்கள் கூலியாட்கள். வீடுகளில் சமைத்தவர்களும் உள்ளூர் மக்களே. இவர்களின் உழைப்பின்மேல் அந்த வாழ்வு நின்றது. அதில் இவர்களுக்குப் பங்கு இல்லை. நோயிலிருந்து தப்ப மலையேறியதைக் குறை கூற முடியாது. ஆனால் ஒரே நிறத்தவரும் ஒரே தகுதியினரும் தமக்குள் ஒற்றுமையாக இருப்பதை முழுமையான கூட்டுவாழ்வு என்று கொள்ளவும் முடியாது.

கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் 1895இல் இயேசு சபையினர் திருஇருதயக் கல்லூரியை நிறுவினர். அங்கு நிலவியது வேறு வகை வாழ்வு: வறுமை, கற்பு, கீழ்ப்படிதல் என்னும் வாக்குறுதிகளால் கட்டப்பட்டது. தனிச் சொத்துக்கு அங்கு இடமில்லை.

கிறிஸ்துகுலம்: அண்ணன் தம்பி முறை

மிஷன் அமைப்புகளில் வெள்ளையர்க்கும் இந்தியர்க்கும் ஊதியத்திலும் அதிகாரத்திலும் வேறுபாடு நிலவிய காலத்தில், 1921இல், திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமம் தோன்றியது. தமிழரான ச. ஜேசுதாசன், ஸ்காட்லாந்தவரான எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன் என்னும் இரு மருத்துவர்கள் இதை நிறுவினர். ஜேசுதாசன் 'பெரியண்ணன்' என்றும் பேட்டன் 'சின்னண்ணன்' என்றும் அழைக்கப்பட்டனர். வெள்ளையரைத் 'துரை' என்றழைத்த ஊரில் ஒரு வெள்ளையர் தமிழருக்கு இளையவராக நின்றார். எத்தனையோ தீர்மானங்களைவிட இந்த இரண்டு சொற்கள் வலிமையானவை.

பேட்டன் செல்வக் குடும்பத்தில் பிறந்தவர், கதர் உடுத்தியவர். 1932இல் சென்னையில் அந்நியத் துணிக்கடை மறியல் நடந்த இடத்தில் காவலரின் அடிக்கு உள்ளானார். இது பிரிட்டிஷ் பாராளுமன்றம் வரை பேசப்பட்டது. ஆசிரமத்தின் ஜெபாலயமும் மேலை நாட்டுத் தேவாலயம் போலன்றித் திராவிடக் கோயில் பாணியில் எழுந்தது.

குறை எங்கே?

'குலம்' என்பது தமிழில் பிறப்பால் அமைவது, சாதியையும் குறிப்பது. பிறப்பைக் கணக்கில் கொள்ளாமல் கூடியவர்கள் அச்சொல்லைத் தமதாக்கியது துணிவான செயல். ஆனால் இக்குலம் மணம் செய்யாத சகோதரர்களை நடுவாகக் கொண்டது. மனைவியும் பிள்ளைகளும் உள்ள சாதாரண விசுவாசி இதைப் பார்த்து வியக்கலாம்; இதில் முழு உறுப்பினராக வாழ முடியாது. பெண்களுக்கும் அந்த நடுவில் இடமில்லை. நிறுவனர் இருவரும் மறைந்தபின் அதே பாதையில் வர முன்வந்தோர் குறைந்ததற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். இனவேறுபாட்டை வென்ற ஆசிரமம், குடும்பத்தோடு எப்படிச் சேர்ந்து வாழ்வது என்பதற்கு விடை தரவில்லை.

அந்த விடையை நோக்கிய ஒரு முயற்சியைப் பழனி மலையின் அடிவாரத்திலேயே காணலாம். 1955இல் ஒட்டன்சத்திரத்தில் மருத்துவர் ஏ. கே. தரியன் முதலியோர் கிறிஸ்தவ ஐக்கிய மருத்துவமனையைத் தொடங்கினர். மணமானவர்களும் இதில் இணைந்து பணியாற்றினர். ஆசிரமம் என்ற பெயரோ துறவு என்ற நிபந்தனையோ இல்லாமல், கிராமத்து நோயாளியைச் சுற்றி அவர்களின் பொதுவாழ்வு அமைந்தது. இதற்கும் ஓர் ஆபத்து உண்டு. மருத்துவமனை வளர வளர ஐக்கியம் பெயர்ப்பலகையில் மட்டும் நின்றுவிடக்கூடும். உடன் வாழ்பவர் வெறும் உடன் பணியாளராகிவிடக்கூடும்.

முடிவுரை

பிற இடங்களின் கூட்டுவாழ்வை ஆராயும் மாணவர்களும் மூன்று கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளலாம். சமையலறையில் வேலை செய்பவர் அதே பந்தியில் அமர்கிறாரா? முடிவெடுக்கும்போது அவருடைய சொல் கேட்கப்படுகிறதா? குடும்பமுள்ளவருக்கும் அங்கு இடமுண்டா? கொடைக்கானலின் கோடைக் குடியிருப்பு முதல் கேள்வியிலேயே தவறியது. கிறிஸ்துகுலம் வெள்ளையரும் தமிழரும் சமமாக அமர முடியும் என்று காட்டிவிட்டு, மூன்றாவதில் நின்றுவிட்டது. அதன் குறையைச் சொல்வதால் பெரியண்ணன், சின்னண்ணன் ஆகியோரின் பெருமை குறையாது. அவர்கள் தொடங்கிய வேலை எந்த இடத்தில் நிற்கிறது என்பது அதனால்தான் தெரியவரும்.