சென்சாரைத் துடைக்கலாம், பயப்படாதீங்க!

கேமரா வைத்திருக்கிற ஒவ்வொருவரையும் பிடித்து உலுக்கிச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது: மிரர்லெஸ் கேமராவின் சென்சாரை வீட்டிலேயே துடைக்கலாம்! துடைத்த கையோடு ஒரு படம் எடுத்துப் பாருங்கள். வானம் ஒரு புள்ளிகூட இல்லாமல் பளிச்சென்று விரியும். அந்தச் சந்தோஷத்துக்குப் புது லென்ஸ் வாங்கியதுகூட ஈடாகாது.

எங்கள் திருநள்ளாறு, கேமராவுக்கே சனி பிடிக்கிற ஊர். கிழக்கே காரைக்கால் கடற்கரை. அங்கிருந்து உப்புக் காற்று. சனிக்கிழமை வந்தால் சனீஸ்வரர் கோயிலில் எள் தீபப் புகை. அறுவடை நேரத்தில் நெல் தூசி. வைகாசிப் பிரம்மோற்சவத்தில் சனீஸ்வரர் தங்கக் காக வாகனத்தில் வீதியுலா வரும்போது, அகல லென்ஸைக் கழற்றி டெலி லென்ஸை மாட்டாமல் யாரால் இருக்க முடியும்? அந்த நொடி போதும், தூசி உள்ளே குடியேறிவிடும். 2023 டிசம்பர் 20 சனிப்பெயர்ச்சிக் கூட்டத்தில் படம் எடுத்தவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

மிரர்லெஸ் கேமராவில் சென்சாருக்கு முன்னால் மறைப்பாக நிற்க மிரர் கிடையாது. கேனானின் டிஎஸ்எல்ஆரில் லென்ஸ் மாட்டும் மவுண்டிலிருந்து சென்சார் 44 மில்லிமீட்டர் உள்ளே இருக்கும். சோனி இ மவுண்டில் வெறும் 18. லென்ஸைக் கழற்றினால் வாசலிலேயே உட்கார்ந்திருக்கும். 2018இல் வந்த கேனான் ஈஓஎஸ் ஆர் மாதிரி சில கேமராக்கள், ஆஃப் செய்ததும் ஷட்டரை மூடிக் காப்பாற்றுகின்றன. எல்லா மாடலிலும் அந்த வசதி இல்லை.

இனி, என் பயத்தை ஒரேயடியாகப் போக்கிய விஷயம். நாம் தொடுவது சென்சாரையே அல்ல! அதன் மேல் ஒட்டியிருக்கும் ஃபில்டர் கண்ணாடியைத்தான். தூசி உட்காருவதும் அதன் மேல்தான். அது புகைப்படத்தில் நிழலாக விழுகிறது. எஃப் 2.8 அபர்ச்சரில் அந்த நிழல் கலைந்து கண்ணுக்கே படாது. எஃப் 16இல் கறுப்புப் புள்ளியாகத் தெரியும். அதனால் எஃப் 16 வைத்து, ஃபோகஸைக் கலைத்து, வெறும் வானத்தை ஒரு படம் எடுத்தால் மொத்தக் குட்டும் வெளிப்பட்டுவிடும். இன்னொரு ரகசியம்: படத்தில் மேலே தெரிகிற புள்ளி, கேமராவை முன்னாலிருந்து பார்க்கும்போது சென்சாரின் கீழ்ப்பக்கம் இருக்கும். இடது வலது மட்டும் மாறாது.

முதல் வைத்தியம், மெனுவில் உள்ள சென்சார் கிளீனிங். கண்ணாடியைக் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அதிர வைத்துத் தூசியை உதறும் இந்த வித்தையை 2003இலேயே ஒலிம்பஸ் இ-1 கொண்டுவந்துவிட்டது. அதற்கும் அசையாததற்கு ரப்பர் ப்ளோயர். கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து, ப்ளோயரின் மூக்கு கண்ணாடியில் படாமல் புஸ் புஸ் என்று அடியுங்கள். பாதித் தூசி அதிலேயே போய்விடும். வாயால் ஊத வேண்டாம், எச்சில் தெறிக்கும். டப்பாவில் அடைத்து வரும் காற்று ஸ்ப்ரேயும் வேண்டாம், அதிலுள்ள திரவம் கறையாகப் படியும்.

உப்பும் எண்ணெய்ப் பிசுக்கும் ஊதினால் போகிறவையா? அங்கேதான் ஸ்வாப் என்கிற துடைப்பான் குச்சி வருகிறது! ஃபுல் ஃபிரேம் சென்சார் என்றால் 24 மில்லிமீட்டர் அகல ஸ்வாப், ஏபிஎஸ்-சி என்றால் 16. சென்சாரின் உயரமும் ஸ்வாபின் அகலமும் ஏறக்குறைய ஒன்றே என்பதால் ஒரே இழுப்பில் மேலும் கீழும் சுத்தமாகிவிடும். எங்கள் ஊர்ப் புழுக்கத்தில், தூசி பறக்காமலிருக்க ஃபேனை நிறுத்திவிட்டு உட்கார வேண்டும் என்பதுதான் ஒரே சோதனை. நெற்றியில் துண்டைக் கட்டிக்கொள்வேன். வியர்வை ஒரு சொட்டு உள்ளே விழுந்தால் என்ன ஆவது! முழு சார்ஜ் உள்ள பேட்டரி, கேமரா கிளீனிங் மோடில். ஸ்வாப் நுனியில் சென்சார் துடைக்கும் திரவம் இரண்டே சொட்டு. அது ஊறியதும் ஒரு ஓரத்தில் வைத்து, லேசாக அழுத்தி, நிறுத்தாமல் மறு ஓரம் வரை ஒரே இழுப்பு. ஸ்வாபைத் திருப்பி அடுத்த பக்கத்தால் திரும்ப ஒரு இழுப்பு. அவ்வளவுதான்! அந்த ஈரப்பட்டை கண்ணெதிரே சுருங்கிச் சுருங்கி மறைவதைப் பார்க்கவே அத்தனை அழகு. எக்லிப்ஸ் என்கிற துடைப்புத் திரவம் மெத்தனால் என்பதால் சட்டென்று ஆவியாகிவிடும். அதே காரணத்தால் விளக்கு எரிகிற பூஜையறைப் பக்கம் அதைத் திறக்கவே கூடாது. பயன்படுத்திய ஸ்வாப் நேராகக் குப்பைக்கு. மிச்சம் பிடிக்க நினைத்தால் அதிலிருக்கும் மணல் துகள் கோடு போட்டுவிடும்.

இதற்காகக் கேமராவைப் பொட்டலம் கட்டிச் சென்னைக்கு அனுப்பிவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு காத்திருப்பானேன்? இன்றைக்கே எஃப் 16இல் வானத்தை ஒரு படம் எடுங்கள். புள்ளி தெரிந்தால் வருத்தப்படாதீர்கள். துடைக்கிற சுகம் உங்களுக்கும் வாய்த்திருக்கிறது!