ஆற்றலே நோயாகும்போது: ‘இளவரசி மொனொனொகே’

அசைவூட்டப் படங்களின் சண்டைக் காட்சிகளைச் சிறுவர் பொழுதுபோக்கு எனத் தள்ளுவோர் நம்மிடையே பலர். ஹயாவோ மியாசாகியின் ‘இளவரசி மொனொனொகே’ (1997) அவர்களுக்கு விடையாகும் எனக் கருதுகிறோம்.

வெறிகொண்டு வரும் காட்டுப்பன்றித் தெய்வத்தைக் கொன்று ஊரைக் காக்கும் அஷிதாகாவின் வலக்கையில் சாபத்தழும்பு பற்றுகிறது. அது அவனுயிரைச் சிறுகச் சிறுகத் தின்கிறது. அக்கைக்கு மனித அளவை மீறிய ஆற்றலையும் தருகிறது. அவன் எய்யும் அம்பு பகைவனின் தலையையே கொய்கிறது. வீரக்கதை நாயகனுக்கு ஆற்றல் வரமாக வாய்ப்பதுண்டு. இவனோ தன் வலக்கையை இடக்கையால் பற்றி அடக்கப் போராடுகிறான். வியக்கும் கணத்திலேயே நாம் அஞ்சவும் நேர்கிறது. கட்சுஹிரோ ஓட்டோமோவின் ‘அகிரா’விலும் (1988) ஆற்றல் டெட்சுவோவின் உடலைச் சதைப்பெருக்கமாகச் சிதைக்கிறது. ஆனால் அவன் அவ்வாற்றலை விரும்பித் தழுவியவன்.

பன்றியின் உடலில் தைத்த இரும்புக் குண்டு எபோஷி ஆளும் உலையூரில் பிறந்தது. காட்டை அழிப்பவள் அவள். விலைமகளிராய் இருந்த பெண்களுக்கு உலைக்களத்தில் வேலை தந்தவளும், தொழுநோயாளரின் புண்களைத் தன் கையால் கழுவியவளும் அவளே. ‘இயற்கையைக் காக்கச் சொல்லும் படம்’ என்று மாணவர்க்கு அறிமுகம் செய்தால் எபோஷியை எங்கே வைப்பது?

இறுதியில் காட்டுத் தெய்வத்தின் தலையைத் திருப்பித் தந்ததும் மலை பசுமை கொள்வது சற்று எளிதாகவே நிகழ்ந்துவிடுகிறது. எனினும் மனிதரை மன்னிக்க இயலாதென்று சான் காட்டுக்குத் திரும்புகிறாள். அஷிதாகா உலையூரில் தங்குகிறான். அவன் கையில் தழும்பு மங்கலாக எஞ்சியிருக்கிறது.