பிரின்ஸ்டனில் ஒரு வெனிஸ் புதிர்

இயன் கால்டுவெல், டஸ்டின் தாமசன் என்னும் பால்ய நண்பர்கள் சேர்ந்து எழுதி 2004இல் வெளிவந்த ‘த ரூல் ஆஃப் ஃபோர்’ நாவலில் கொலை உண்டு, திருட்டு உண்டு, தீயும் உண்டு. அவற்றையெல்லாம் விட என்னைப் பக்கம் பக்கமாக இழுத்துப் போனவர்கள், ஒரு பழைய நூலைப் பிரித்து வைத்துக்கொண்டு இரவெல்லாம் கண்விழிக்கும் இரண்டு மாணவர்கள்தான்.

அந்த நூல் கற்பனை இல்லை. 1499 டிசம்பரில் வெனிஸில் ஆல்டஸ் மனூட்டியஸ் அச்சிட்ட ‘ஹிப்னெரோடோமாகியா போலிஃபிலி’ அது. காதலி போலியாவைத் தேடிக் கனவுக்குள் அலைகிறான் போலிஃபிலோ. வழியில் தென்படும் தூண், தோட்டம், கல்வெட்டு ஒன்றையும் விடாமல் அளந்து அளந்து வருணிக்கிறார் ஆசிரியர். மொழியோ இத்தாலியமும் லத்தீனும் கிரேக்கமும் பிசைந்த கலவை. இடையிடையே ஹீப்ருவும் அரபும் தலைகாட்டும். படித்து முடிப்பது பெரும்பாடு. பார்ப்பதற்கோ பேரின்பம்: ஃபிரான்செஸ்கோ கிரிஃபோ வெட்டிய அச்செழுத்து, 170ஐ ஒட்டிய மரச்செதுக்குப் படங்கள், கிண்ணம்போல் கீழே குறுகி வரும் பத்திகள்.

தலைப்புப் பக்கத்தில் ஆசிரியர் பெயர் கிடையாது. ஆனால் 38 அத்தியாயங்களின் முதலெழுத்துகளையும் கோத்துப் பார்த்தால், துறவி ஃபிரான்செஸ்கோ கொலோன்னா போலியாவை உயிராய்க் காதலித்தார் என்று பொருள்படும் லத்தீன் வாக்கியம் கிடைக்கிறது. அவர் வெனிஸ் நகரத் தொமினிக்கன் துறவியா, அதே பெயர்கொண்ட ரோமப் பிரபுவா என்பதில் அறிஞர்களுக்குள் வழக்கு உண்டு. நாவலாசிரியர்கள் ரோமப் பிரபுவின் பக்கம் நிற்கிறார்கள். 1497இல் ஃபிளாரன்ஸில் மதபோதகர் சவொனரோலாவின் சீடர்கள் ஓவியங்களையும் நூல்களையும் நெருப்பிலிட்ட வரலாற்றோடு அவரை முடிச்சுப் போடுகிறார்கள். இவர்களின் சாமர்த்தியம் இங்கேதான். ஒரு ரகசிய வாக்கியம் நிஜமாகவே ஒளிந்திருந்த நூலில், இன்னும் நாலு ஒளிந்திருக்கக் கூடாதா? நிஜம் முன்பணம் கட்டிவிட்டதால் கற்பனையை நாம் கடனுக்கு நம்பிவிடுகிறோம்.

கதை நடப்பது 1999 ஈஸ்டரை ஒட்டிய நாட்களில், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில். இறுதியாண்டு ஆய்வேட்டுக்காகப் பால் என்னும் மாணவன் இந்த நூலோடு மல்லுக்கட்டுகிறான். அவன் நண்பன் டாம்தான் கதைசொல்லி. டாமின் தந்தை இதே நூலுக்கு ஆயுளைக் கொடுத்துவிட்டுப் போனவர். அப்பாவை விழுங்கிய நூலைத் தொடக்கூடாது என்று மகன் நினைக்கிறான். ஒரு விடுகதை அவிழ்ந்ததும் தானே அதற்குள் விழுகிறான். காதலி காத்திருந்து சலிக்கிறாள். இந்த இழுபறியை எழுதிய பக்கங்கள்தான் நாவலின் உயிர்.

விடுகதைகளும் சும்மா எண்கணக்கு இல்லை. ஒன்று மோசேயின் தலைக் கொம்பைப் பற்றியது. ஜெரோமின் லத்தீன் விவிலியத்தில் ஒளிவீசிய முகம் கொம்பு முளைத்த முகமாகிவிட்டது. அதனால்தான் மைக்கலாஞ்சலோ வடித்த மோசேக்கும் கொம்பு. சிற்பம், வேதம், மொழி மூன்றையும் தொட்டுவந்தவனுக்கே அடுத்த கதவு திறக்கும்.

குறைகள் இல்லாமல் இல்லை. கொலைக்குப் பின்னால் நிற்கும் மூத்தவர்கள் அட்டைப் பொம்மைகளாகவே இருக்கிறார்கள். பல்கலைக்கழகத்தின் நீராவிச் சுரங்கங்களும் சாப்பாட்டுக் கிளப்புகளும் கதையைச் சில இடங்களில் நிறுத்திவைக்கின்றன. முந்தைய ஆண்டு வந்த ‘டாவின்சி கோட்’ நாவலின் ஓட்டத்தை எதிர்பார்த்து வருபவர்கள் ஏமாறுவார்கள். ஆனால் அந்த நாவலில் புதிர் என்பது அடுத்த ஓட்டத்துக்கான சாவி. இங்கே புதிர் ஆளைத் தின்கிறது. அந்த வகையில் இதுவே எனக்கு மேலான நாவல்.

படிப்பவர்களுக்கு ஒரு யோசனை. மூலநூலின் மரச்செதுக்குப் படங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்த நாவலைப் படியுங்கள். ஜோசலின் காட்வின் செய்த முழு ஆங்கில மொழிபெயர்ப்பு, மூலம் அச்சாகி 500 ஆண்டுகள் நிறைந்த 1999இல் வெளிவந்தது. படங்களும் அதில் இருக்கின்றன.